நெரிசல் என்ற பெயரில் ஒரு சுங்கச் சாவடி!

தெருக் குழாயில் காலையில் ஒரு மணி நேரம் தான் தண்ணீர் வருகிறது. அந்தத் தெருவில் நாற்பது வீடுகள். நாற்பது குடங்கள் வரிசையில் நிற்கின்றன. தண்ணீர் குறைவு, ஆட்கள் அதிகம் என்பது உண்மை. அதனால் ஒழுங்கு வேண்டும் என்பதும் உண்மை. வீட்டுக்கு இரண்டு குடம் என்று ஒருவர் முறை வைத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஆனால் முறை வைக்க வந்தவர், "உன் வீட்டுக் குடத்தில் எதற்காகத் தண்ணீர் பிடிக்கிறாய்? சமைக்கவா, செடிக்கா? என் மைத்துனர் கடையில் வாங்கிய குடமா, வேறு கடைக் குடமா?" என்று கேட்க ஆரம்பித்தால் என்ன செய்வீர்கள்? எங்கள் கடைக் குடத்துக்குத் தண்ணீர் இலவசம், மற்ற குடங்களுக்குக் காசு என்று சொன்னால் பொறுத்துக் கொள்வீர்களா?

தெருவே திரண்டு விடும் அல்லவா?

இதே வேலையைத் தான் இணையத்தில் செய்யத் துடிக்கிறார்கள். அங்கே தெரு திரளவில்லை. காரணம், குழாய் கண்ணுக்குத் தெரிகிறது. இணையத்தின் குழாய் கண்ணுக்குத் தெரிவதில்லை. பேண்ட்வித், டிராஃபிக் மேனேஜ்மெண்ட் என்று அவர்கள் பேசும் போது, இது இன்ஜினியர்களின் விஷயம், நமக்கு எதற்கு என்று நாம் ஒதுங்கிக் கொள்கிறோம். நாம் ஒதுங்க வேண்டும் என்பது தான் அவர்களின் விருப்பம். எனவே இதைக் கொஞ்சம் விளங்கிக் கொள்வோம்.

குழாய் எப்படி வேலை செய்கிறது?

உங்கள் கைப்பேசிக்கென்று தனியாக ஒரு கம்பி எங்கிருந்தும் வரவில்லை. உங்கள் ஊர் செல்போன் கோபுரத்தின் கீழ் இருக்கும் அனைவரும் ஒரே அலைக்கற்றையைப் பங்கு போட்டுக் கொள்கிறார்கள். வீட்டுக்கு வரும் இணைய இணைப்பும் அப்படித் தான். கடைசிக் கம்பி உங்களுடையதாக இருக்கலாம். அது போய்ச் சேரும் பெரிய கம்பி உங்கள் பகுதி முழுவதற்கும் பொது. எல்லோரும் ஒரே நொடியில் பயன்படுத்த மாட்டார்கள் என்ற கணக்கில் ஒரே கொள்ளளவைப் பலருக்கு விற்கிறார்கள். இதில் மோசடி இல்லை. எல்லாப் பொது வசதியும் இந்தக் கணக்கில் தான் நடக்கிறது. இரவு எட்டு மணிக்கு எல்லோரும் சேர்ந்து வீடியோ பார்க்கும் போது கணக்கு இடிக்கிறது. வேகம் குறைகிறது. இதைத் தான் நெரிசல் என்கிறார்கள்.

நெரிசல் பொய் என்று நாம் சொல்லவில்லை. நெரிசலைக் காரணம் காட்டி எதைச் செய்கிறார்கள் என்பது தான் நமது கேள்வி.

நெரிசல் புதிதும் அல்ல. 1986 அக்டோபரில் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக் கூடத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக் கழகத்துக்கும் இடையே, வெறும் 400 கஜ தூரத்தில், இணைப்பு ஏறக்குறைய செத்தே போனது. வினாடிக்கு 32,000 பிட் போய்க் கொண்டிருந்த இடத்தில் 40 பிட் தான் போனது. காரணம் என்ன? தகவல் போய்ச் சேரவில்லை என்றவுடன் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் மீண்டும் மீண்டும் அனுப்பியது. வாசலில் நெரிசல் என்றால் எல்லோரும் இன்னும் வேகமாக முட்டினால் என்ன ஆகும்? அது தான் ஆனது.

வான் ஜேக்கப்சன் என்ற விஞ்ஞானி தன் சகாக்களோடு இதற்குத் தீர்வு கண்டு 1988ல் வெளியிட்டார். தீர்வு மிக எளிது. வழியில் நெரிசல் என்ற அறிகுறி தெரிந்தால் அனுப்புகிற கம்ப்யூட்டர் தானே வேகத்தைக் குறைத்துக் கொள்ள வேண்டும். வழி விட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொள்ள வேண்டும். இந்த அடிப்படையில் தான் அதன் பிறகு இணையம் உலகமெங்கும் வளர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தத் தீர்வில், இது யாருடைய தகவல் என்ற கேள்வியே இல்லை. பணக்காரன் தகவலா, ஏழை தகவலா, அரசாங்கத்தைப் பாராட்டும் தகவலா, திட்டும் தகவலா என்று பார்க்கவில்லை. நெரிசல் என்றால் எல்லோரும் குறைத்துக் கொள்கிறார்கள். ஆளைப் பார்க்காமலே நெரிசலைச் சமாளிக்கலாம் என்பதற்கு இதை விட வேறு சான்று வேண்டுமா?

கையும் களவுமாக

வேண்டும் என்பவர்களுக்கு இன்னொரு சான்றும் இருக்கிறது. 2007ல் அமெரிக்காவின் காம்காஸ்ட் நிறுவனம், பயனாளர்கள் தங்களுக்குள் கோப்புகளைப் பரிமாறிக் கொள்ளும் பிட்டோரண்ட் என்ற முறையைத் திருட்டுத்தனமாக முறித்துக் கொண்டிருந்தது. இரண்டு பேர் பேசிக் கொண்டிருக்கும் போது நடுவில் ஒருவன் புகுந்து, ஒருவரின் குரலிலேயே "நான் வைத்து விடுகிறேன்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அது போல் போலியான துண்டிப்புச் செய்திகளை அனுப்பி இணைப்பை அறுத்தது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் பைபிளின் பிரதி ஒன்றை இந்த முறையில் அனுப்பிச் சோதித்துப் பார்த்து அந்த ஆண்டு அக்டோபரில் உண்மையை அம்பலப்படுத்தியது. பைபிளை யாருக்கும் அனுப்பலாம், அதில் திருட்டு இல்லை. அப்படியும் அறுத்தார்கள்.

நெரிசலைக் குறைக்கத் தான் செய்தோம் என்பது நிறுவனத்தின் பதில். 2008 ஆகஸ்டில் அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் இது தவறு என்று உத்தரவிட்டது. அந்த உத்தரவை 2010ல் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்பது தான் ரத்துக்குக் காரணம். செய்தது சரி என்று நீதிமன்றம் சான்றிதழ் தரவில்லை.

இதற்குப் பிறகு நடந்தது தான் முக்கியம். 2008 இறுதிக்குள் அதே நிறுவனம் முறையை மாற்றியது. ஒரு பகுதியில் நெரிசல் வந்தால், கடந்த சில நிமிடங்களில் மிக அதிகமாகப் பயன்படுத்தியவரின் வேகத்துக்குக் கொஞ்ச நேரம் முன்னுரிமை குறையும். எந்தத் தளம், எந்த மென்பொருள் என்று பார்ப்பதில்லை. நெரிசல் தீர்ந்ததும் பழைய நிலை. செயல்முறையையும் பகிரங்கமாக வெளியிட்டார்கள். அப்படியானால் முதலிலேயே இதைச் செய்திருக்கலாமே! ஏன் செய்யவில்லை? யாரும் கேட்காத வரை செய்ய மாட்டார்கள் என்பது தான் பதில்.

நம் நாட்டில் நடந்தது என்ன?

2014 டிசம்பரில் ஏர்டெல் நிறுவனம், இணையம் வழியாகப் பேசும் அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்தது. டேட்டாவுக்கு நீங்கள் ஏற்கனவே பணம் கட்டி விட்டீர்கள். அந்த டேட்டாவில் வளைகுடாவில் இருக்கும் மகனோடு பேசினால் அதற்கு இன்னொரு கட்டணம்! எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களில் பின்வாங்கியது.

2015 மார்ச்சில் டிராய் எனப்படும் தொலைத் தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இது பற்றி மக்களிடம் கருத்துக் கேட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. ஒரு தொழில்நுட்ப விவகாரத்துக்கு மக்கள் இப்படித் திரண்டது நம் நாட்டில் அபூர்வம்.

அதே ஆண்டு ஃபேஸ்புக் நிறுவனம் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து, ஏழைகளுக்கு இலவச இணையம் என்று ஒரு திட்டத்தைக் கொண்டு வந்தது. பிறகு ஃப்ரீ பேசிக்ஸ் என்று பெயர் மாற்றியது. அதில் உள்ள தளங்களை இலவசமாகப் பார்க்கலாம். அந்தப் பட்டியலில் ஃபேஸ்புக் உண்டு. மற்ற தளங்கள் உள்ளே வர வேண்டுமானால் ஃபேஸ்புக் வகுத்த நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும். இதை ஆதரித்து இலட்சக்கணக்கானவர்களின் பெயரில் ஒரே அச்சில் வார்த்த கடிதங்கள் டிராய்க்குப் போயின. கேட்ட கேள்விகளுக்கு இவற்றில் பதில் இல்லை என்று டிராயே குறை கூறியது.

2016 பிப்ரவரி 8 அன்று டிராய் விதி வெளியிட்டது. எந்தத் தளத்தைப் பார்க்கிறீர்கள் என்பதை வைத்து டேட்டாவுக்கு வெவ்வேறு கட்டணம் வாங்கக் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 50 ஆயிரம் ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் அபராதம். 2018 ஜூலையில் மத்திய அரசு, தடுப்பது, வேகத்தைக் குறைப்பது, ஒரு சிலருக்கு மட்டும் முன்னுரிமை தருவது ஆகியவற்றுக்கும் எதிரான கொள்கையை ஏற்றுக் கொண்டது.

இது மக்கள் பெற்ற வெற்றி. ஆனால் ஆட்டம் முடிந்து விட்டது என்று தூங்கி விடாதீர்கள். அமெரிக்காவில் 2015ல் கொண்டு வந்த இத்தகைய விதிகளை 2017ல் நீக்கினார்கள். 2024ல் மீண்டும் கொண்டு வந்தார்கள். 2025 ஜனவரியில் நீதிமன்றம் ரத்து செய்தது. இங்கேயும் பழைய கோரிக்கை புதிய சட்டை போட்டுக் கொண்டு வந்திருக்கிறது. "நியாயமான பங்கு" என்று அதற்குப் பெயர். அதிக டேட்டா ஓடக் காரணமான பெரிய இணைய நிறுவனங்கள் எங்களுக்குப் பணம் தர வேண்டும் என்று செல்போன் நிறுவனங்களின் கூட்டமைப்பு கேட்டு வருகிறது.

பெரிய கம்பெனிகள் தங்களுக்குள் அடித்துக் கொள்ளட்டும், நமக்கென்ன என்று நினைக்கலாம். அவர்களின் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாதம் 1: கோபுரமும் கம்பியும் எங்கள் முதலீடு. எங்கள் சொத்தில் எங்கள் விருப்பம்.

கோபுரம் உங்களுடையது. அதிலிருந்து கிளம்பும் அலை யாருடையது? 1995 பிப்ரவரி 9 அன்று, கிரிக்கெட் ஒளிபரப்பு தொடர்பான வழக்கில், அலைவரிசைகள் மக்களின் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து விட்டது. 2012 பிப்ரவரி 2 அன்று 122 உரிமங்களை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும், இயற்கை வளமான அலைக்கற்றை மக்களுக்குச் சொந்தம் என்ற அடிப்படையில் தான். ஏலத்தில் நீங்கள் எடுப்பது குறிப்பிட்ட காலத்துக்கான பயன்பாட்டு உரிமை. ஆற்று மணலைக் குத்தகைக்கு எடுத்தவன் ஆற்றையே தனக்கு எழுதிக் கொள்ள முடியுமா? கம்பி புதைத்த சாலையும் மக்களுடைய சாலை தானே!

வாதம் 2: வீடியோ நிறுவனங்கள் எங்கள் கம்பியை அடைத்துக் கொள்கின்றன.

எந்த வீடியோவும் தானாக உங்கள் கைப்பேசிக்குள் பாய்வதில்லை. நீங்கள் கேட்டீர்கள், அது வந்தது. நீங்கள் கேட்பதற்குத் தான் மாதம் தோறும் பணம் கட்டுகிறீர்கள். அந்த நிறுவனமும் தன் பக்கத்து இணைப்புக்குப் பணம் கட்டுகிறது. கடிதம் எழுதியவர் தபால் தலை ஒட்டி விட்டார். வாங்குபவரும் மாதச் சந்தா கட்டுகிறார். நடுவில் இருப்பவர், கடிதம் கனமாக இருக்கிறது, எழுதியவர் எனக்குத் தனியாகத் தர வேண்டும் என்கிறார். இது நியாயமான பங்கா?

இந்தப் பணத்தை யார் தலையில் கட்டுவார்கள் என்பதற்குத் தென் கொரியா பாடம். அங்கே 2016ல், ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொரு நெட்வொர்க்குக்குத் தகவல் அனுப்புகிறவர் பணம் தர வேண்டும் என்று இணைய நிறுவனங்களுக்கிடையே விதி செய்தார்கள். ட்விட்ச் என்ற நேரலைத் தளம் செலவு தாங்காமல் 2022ல் கொரியர்களுக்கு மட்டும் காட்சியின் தரத்தைக் குறைத்தது. 2024 பிப்ரவரியில் கடையைக் கட்டிக் கொண்டு போய் விட்டது. உலகப் பெரு முதலாளியான அமேசானின் தளத்துக்கே இந்தக் கதி என்றால், நாளை மதுரையிலோ நெல்லையிலோ நாலு இளைஞர்கள் ஆரம்பிக்கும் தளம் என்ன ஆகும்? பெரியவன் பணம் கொடுத்து உள்ளே வந்து விடுவான். சிறியவன் வாசலிலேயே நிற்பான்.

வாதம் 3: ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுப்பதைத் தடுக்கிறீர்களே!

இலவசத்தை நாம் தடுக்கவில்லை. இலவசத்தோடு கட்டி அனுப்பும் கயிற்றைத் தான் எதிர்க்கிறோம். ரேஷன் கடையில் அரிசி இலவசம், ஆனால் இன்னார் மில் அரிசி மட்டும் தான், வேறு அரிசிக்கு விலை என்றால் மற்ற மில்கள் ஒரு வருடத்தில் மூடி விடும். பிறகு அந்த ஒரே மில் வைத்தது தான் விலை. ஏழை மீது உண்மையான அக்கறை இருந்தால், ஒவ்வொருவருக்கும் மாதம் இவ்வளவு டேட்டா இலவசம், எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்திக் கொள் என்று கொடுங்கள். கிராமப்புற மக்களுக்கு மாதம் 100 எம்.பி. இப்படிக் கொடுக்கலாம் என்று 2016 டிசம்பரில் டிராயே பரிந்துரை செய்தது. இதற்காக ஏன் யாரும் பக்கம் பக்கமாக விளம்பரம் கொடுக்கவில்லை? பதில் உங்களுக்கே தெரியும்.

வாதம் 4: எல்லாம் சமம் என்றால் அவசர அழைப்பும் சினிமாப் பாட்டும் ஒன்றா?

இல்லை. யாரும் அப்படிச் சொல்லவும் இல்லை. அவசர சேவைகளுக்கும், தனியான தர உத்தரவாதம் தேவைப்படும் சிறப்புச் சேவைகளுக்கும் நம் நாட்டு விதிகளிலேயே விலக்கு இருக்கிறது. நெரிசல் நேரத்தில் நியாயமான நிர்வாகத்துக்கும் அனுமதி உண்டு. அது அளவோடு, தற்காலிகமாக, வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பது தான் நிபந்தனை. ஆம்புலன்சுக்கு வழி விடுவது வேறு. காசு கொடுத்த கார்களுக்கெல்லாம் சைரன் மாட்டிக் கொடுப்பது வேறு. இரண்டு நிறுவனங்கள், அதிகக் கட்டணம் கட்டுவோருக்கு முன்னுரிமை வேகம் என்று திட்டம் அறிவித்திருந்த நிலையில், 2020 ஜூலையில் டிராய் குறுக்கிட்டுக் கேள்வி கேட்டது இதனால் தான். ஒரே கோபுரத்தில் ஒருவருக்கு முன்னுரிமை என்றால், நெரிசல் நேரத்தில் அது அடுத்தவர் பங்கிலிருந்து தானே போகிறது?

பட்டியல் போடுபவன் கம்பெனி மட்டுமல்ல

வாசகர்களே! இதை வெறும் வியாபாரச் சண்டை என்று எண்ணுபவர்கள் காஷ்மீரைப் பார்க்க வேண்டும்.

2019 ஆகஸ்ட் 5 அன்று அங்கே இணையத்தை முழுமையாக வெட்டினார்கள். 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம், இணையத்தின் வழியே கருத்துச் சொல்வதும் தொழில் செய்வதும் அரசியல் சட்டப் பாதுகாப்புக்கு உட்பட்டவை, காலவரையறை இன்றி இணையத்தை முடக்கக் கூடாது, முடக்கும் உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு இணையம் வந்தது. எப்படி வந்தது? 2ஜி வேகத்தில் வந்தது. அதிலும் அரசு போட்ட பட்டியலில் உள்ள தளங்களுக்கு மட்டும் வந்தது. 2020 ஜனவரி 24 உத்தரவில் 301 தளங்கள். சமூக ஊடகங்களுக்குத் தடை.

அந்தப் பட்டியல் மார்ச் மாதம் தான் போனது. 2ஜி வேகம் போகவில்லை. கொரோனா வந்தது. பள்ளிக் கூடங்கள் மூடப்பட்டன. நாடெங்கும் பிள்ளைகள் வீடியோவில் பாடம் படித்த போது காஷ்மீர்ப் பிள்ளைகள் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக் கொண்டிருந்தார்கள். வினாடிக்கு 512 கிலோபிட்டுக்குக் குறைந்தால் அது பிராட்பேண்டே அல்ல என்பது அப்போது அரசே வைத்திருந்த வரையறை. கைப்பேசியில் அந்த வரையறையைக் கூடத் தொடாத வேகத்தை ஒரு மக்கள் கூட்டத்துக்கே அளந்து கொடுத்தார்கள். 4ஜி முழுமையாகத் திரும்பியது 2021 பிப்ரவரி 5 அன்று. பதினெட்டு மாதங்கள்!

கம்பெனி போட்ட பட்டியலையும் அரசு போட்ட பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றுக்குக் காரணம் இலாபம், மற்றதற்குச் சொன்ன காரணம் பாதுகாப்பு. கருவி ஒன்று தான். எந்தத் தகவல் யாருக்கு, என்ன வேகத்தில் போக வேண்டும் என்பதைத் தகவலின் முகத்தைப் பார்த்து முடிவு செய்யும் கருவி. வியாபாரத்துக்காக அந்தக் கருவியை ஒவ்வொரு கோபுரத்திலும் நிறுவ அனுமதித்து விட்டால், நாளை அதை யார் கையில் எடுப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் உண்டா?

பெரிய நாளிதழ்களிலும் தொலைக் காட்சிகளிலும் இடம் கிடைக்காதவர்கள் யார்? சிறுபான்மையினர், தலித்துகள், மீனவர்கள், தொழிற்சங்கங்கள், சிறு பத்திரிகைகள். இவர்களின் குரல் எட்டு திசைக்கும் போவது இந்தத் திறந்த குழாய் வழியாகத் தான். முன்னுரிமை விற்பனைக்கு வந்தால் வாங்க இவர்களிடம் பணம் இல்லை. பட்டியல் போட்டால் அதில் இவர்கள் பெயர் இருக்காது. இந்த விவகாரத்தில் நாம் வாய் திறக்காவிட்டால் வேறு எதில் திறப்பது?

என்ன தான் செய்ய வேண்டும்?

நெரிசலுக்கு மருந்து கொள்ளளவைக் கூட்டுவது. கோபுரங்களைக் கூட்டட்டும், கோபுரத்துக்கு ஃபைபர் கம்பி இழுக்கட்டும். கூட்டும் வரை இருப்பதைச் சமமாகப் பங்கிடட்டும். பங்கிடும் விதியை எழுதி வெளியிடட்டும். ஒரு பகுதியில் எத்தனை பேருக்கு எவ்வளவு கொள்ளளவை விற்றிருக்கிறோம் என்பதைச் சொல்லட்டும். "அதிகபட்சம் இவ்வளவு வேகம்" என்று விளம்பரம் செய்பவர்கள், நெரிசல் நேரத்தில் குறைந்தபட்சம் எவ்வளவு என்பதையும் அதே அளவு எழுத்தில் அச்சிடட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. உங்கள் ஊரில் இரவு எட்டு மணிக்கும் அதிகாலை ஐந்து மணிக்கும் வேகத்தைச் சோதித்து ஒரு வாரம் குறித்து வையுங்கள். ஒரே நேரத்தில் ஒரு தளம் மட்டும் நத்தையாகவும் மற்றவை வேகமாகவும் இருந்தால் அதையும் குறியுங்கள். அந்தத் தளமே பழுதாகி இருக்கலாம் என்பதால் வேறு நிறுவனத்தின் இணைப்பிலும் பார்த்து விட்டு, பிறகு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். பதில் இல்லையானால் மேல் முறையீடு செய்யுங்கள். டிராய் அடுத்த முறை கருத்துக் கேட்கும் போது, யாரோ அச்சிட்டுத் தரும் கடிதத்தில் கையெழுத்துப் போடாமல் உங்கள் சொந்த வார்த்தையில் நாலு வரி எழுதுங்கள். 2015ல் பத்து லட்சம் பேர் எழுதினார்கள். அதனால் தான் 2016ல் விதி வந்தது. இந்த விதிகள் நடைமுறையில் காக்கப்படுகின்றனவா என்று கண்காணிக்க, நிறுவனங்களும் பயனாளர் தரப்பும் இடம் பெறும் ஒரு குழு வேண்டும் என்று 2020 செப்டம்பரில் டிராய் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை என்னவாயிற்று என்று உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள்.

குழாயடியில் ஒருவன் குடத்தைப் பார்த்துத் தண்ணீர் விட்டால் நாம் சும்மா இருப்பதில்லை. இந்தக் குழாயும் நம்முடையது தான். அதற்கு மாதம் தோறும் பணமும் கட்டுகிறோம். முறை வைக்க வந்தவன் முதலாளியாக மாறுவதை இன்றே தடுப்போம். சாவடி கட்டிய பிறகு இடிப்பது கடினம்.